ஒரு சொட்டு மல்லிகை மணம்

என் தாயாரின் தகரப் பெட்டிக்கு அடியில், கல்யாணப் புடவையில் சுற்றிய சின்னஞ்சிறு செண்டுப் புட்டி ஒன்று இருந்தது. மல்லிகை வாசனை. உறவுக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. தாயார் பால்மரம் வெட்டியவர். நல்ல நாளைக்கு ஆகட்டும் என்று தீபாவளிக்கு மட்டும் எடுப்பார். பிறகு அதற்கும் மனம் வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து, என் திருமணத்தன்று காலையில் அதைத் திறந்தோம். உள்ளே இருந்தது தேயிலைச் சாயம்போல் பழுப்பேறியிருந்தது. மல்லிகையைக் காணோம், புளித்த நெடிதான் வந்தது. தாயார் ஒன்றும் பேசாமல் மூடியைத் திருகிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

மென்மையான மலர் வாசனைச் செண்டை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பூசுவது என்பதைப் பற்றி இன்று பேசப்போகிறேன். தோட்டத்து மக்களுக்குச் செண்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தலையில் பூ வைத்தால் யாரும் அப்படிக் கேட்பதில்லையே!

முதலில் ஒரு சங்கடமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மரத்திலிருந்து அப்போதுதான் வடிந்த பாலுக்கு அவ்வளவாக நாற்றம் கிடையாது. மங்கிலேயே உறைந்து கிடக்கும் கட்டிப்பாலில் நுண்ணுயிர்கள் பெருகி, அதிலுள்ள புரதத்தையும் மற்ற பொருள்களையும் சிதைக்கும்போதுதான் அந்த நெடி பிறக்கிறது. அது துணியிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் நமக்குத் தெரிவதில்லை. ஒரே வாசனையில் சிறிது நேரம் இருந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஆலையில் வேலை செய்பவரைக் கேட்டுப் பாருங்கள், "என்ன நாற்றம்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், நேரமாகிவிட்டது, குளிக்க முடியவில்லை. ஒரு தாய் அரைப் புட்டி செண்டைச் சட்டையில் கொட்டிக்கொண்டு ஓடுகிறாள். வியர்வையும் பாலும் செண்டும் கலந்து மூன்றாவதாக ஒரு நெடி கிளம்புகிறது. பிள்ளை மெல்ல நகர்ந்து வேறு நாற்காலியில் உட்காருகிறது. அந்தத் தாயின் மனம் என்ன பாடுபடும்! பால் வாசம் ஒன்றும் அவமானம் இல்லை, நமக்குச் சோறு போட்ட வாசம் அது. ஆனால் செண்டு அதை மறைக்காது. வேலைத் துணியைத் தனியே போட்டு, சவர்க்காரம் தேய்த்துக் குளித்து, தலையையும் அலசி, வெளுத்த துணி உடுத்தினாலே அது போய்விடும். செண்டு அதற்குப் பிறகு வருவது.

சரி, என்ன செண்டு? நம் நாட்டு வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் கனமான வாசனை ஒத்துவராது. உடல் சூட்டில் அது பொங்கி எழுந்து, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரைத் தலை சுற்ற வைக்கும். மெல்லிய பூ வாசனைதான் நமக்குப் பொருத்தம். அதிலும் மல்லிகை நமக்குப் புதிதல்ல.

மல்லிகையிடம் ஒரு விந்தை உண்டு. காலையில் மொக்காகப் பறித்துக் கட்டிய சரம் மாலையில்தான் மலர்ந்து மணக்கிறது. பறித்த பிறகும் அது மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. பிரான்சு நாட்டில் கிராஸ் என்ற ஊரில் பழங்காலத்தில் இதைத் தெரிந்துகொண்டு, கண்ணாடிப் பலகையில் கொழுப்பைத் தடவி அதன்மேல் பூக்களை அடுக்கி வைத்தார்கள். பூ விடும் மணத்தையெல்லாம் கொழுப்பு குடித்துக்கொண்டது. இன்று ஹெக்சேன் என்ற திரவத்தில் பூவை ஊறவைத்து மணத்தைப் பிரிக்கிறார்கள். ஒரு கிலோ சாறு எடுக்கப் பல நூறு கிலோ பூ தேவை. தமிழ்நாட்டில் பறிக்கும் மல்லிகையிலிருந்து எடுத்த சாறு வெளிநாட்டுச் செண்டுக்காரர்களுக்கு ஏற்றுமதியாகிறது. சீமைப் புட்டிக்குள் நம் ஊர்ப் பூவும் இருக்கலாம். மலாய்க் கம்பத்து முற்றங்களில் நிற்கும் கெனாங்கா மரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1921-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஷனேல் ஐந்தாம் எண் செண்டில் மல்லிகையோடு அந்தப் பூவின் எண்ணெயும் சேர்ந்திருக்கிறது.

எல்லாப் பூவும் இப்படித் தன் மணத்தைக் கொடுத்துவிடுவதில்லை. ஐரோப்பாவில் லில்லி ஆஃப் தி வேலி என்று மணி மணியாக ஒரு வெள்ளைப் பூ. அதிலிருந்து எண்ணெய் எடுக்க வராது. எட்மோன் ருட்னிட்ஸ்கா என்ற வாசனைக் கலைஞர் வேறு பொருள்களைக் கலந்தே அந்தப் பூவின் மணத்தை உண்டாக்கி, 1956-இல் டியோரிசிமோ என்ற செண்டைத் தந்தார். பத்து ஆண்டு கழித்து, 1966-இல், மல்லிகைக் காற்றுப் போன்ற மெல்லிய மணமுள்ள ஹெடியோன் என்ற பொருளை ஆண்களுக்கான ஒரு செண்டில் சேர்த்தார். ஆகவே, பூ வாசனை பெண்களுக்கு மட்டும்தான் என்று நம் ஆண்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

கடைக்குப் போனால் புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஓ டி கொலோன் என்றால் வாசனைச் சத்து நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு பங்கு. மிச்சம் பெரும்பாலும் சாராயமும் தண்ணீரும். ஓ டி டொய்லெட் என்றால் அதைவிடக் கூடுதல், ஓ டி பர்ஃபம் இன்னும் கூடுதல். தோட்டத்து வீட்டுக்கு முதல் இரண்டே போதும். இரண்டு மூன்று மணி நேரத்தில் வாசம் போய்விடுகிறதே என்று கடைக்காரரைக் கோபிக்காதீர்கள். மெல்லிய வாசனையின் இயல்பே அதுதான்.

வாங்கும்போது மூடியைத் திறந்து மோந்த உடனே காசை நீட்டிவிடாதீர்கள். முதலில் எழும் எலுமிச்சை, ஆரஞ்சு வாசமெல்லாம் சில நிமிடங்களில் பறந்துவிடும். மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு, சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு அரை மணி நேரம் கழித்து மோந்து பாருங்கள். உங்களோடு இருக்கப்போகும் வாசனை அதுதான். மூன்று நான்கு செண்டுக்கு மேல் ஒரே நாளில் பார்த்தால் மூக்கு குழம்பிவிடும்.

பூசுவதற்கு இரண்டு இடம் போதும்: மணிக்கட்டில் ஒன்று, கழுத்தோரம் ஒன்று. அங்கே உடல் சூடு இருப்பதால் மணம் மெல்ல எழும். கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே வாசம் தெரியாமல் போகும். செண்டு தீர்ந்துவிட்டது என்று மறுபடி ஊற்றாதீர்கள். பால் நெடியை மறந்த அதே மூக்குதான் இதையும் மறக்கிறது. சந்தேகமானால் வீட்டில் இருப்பவரைக் கேளுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவருக்கு மட்டும் தெரிந்தால் அளவு சரி.

பட்டுப் புடவையில் நேராகத் தெளித்தால் கறை விழும். செண்டில் சாராயம் இருப்பதால் சாமி விளக்குக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் நின்று பூச வேண்டாம். பச்சைக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். வீட்டில் இளைப்பு நோய்க்காரர் இருந்தால் அவரைக் கேட்டுவிட்டுப் பூசுங்கள். தோல் அரித்தால் உடனே கழுவிவிடுங்கள். பெர்கமோட் என்ற எலுமிச்சை இனத்து எண்ணெய் கலந்த பழைய கொலோன்களைப் பூசிக்கொண்டு வெயிலில் போனவர்களுக்குக் கழுத்தில் கரும் படை விழுந்தது உண்டு. அதற்குக் காரணமான பொருளை இப்போது பெரும்பாலும் நீக்கிவிடுகிறார்கள். இருந்தாலும் வெயிலில் வேலைக்குப் போகும்போது பூசாமல், மாலையில் பூசுங்கள்.

கடைசியாக, தாயாரின் புட்டிக்கு வருகிறேன். செண்டைக் கெடுப்பவை சூடு, வெளிச்சம், காற்று. தகரக் கூரையின் கீழே தகரப் பெட்டி என்றால் அடுப்பில் வைத்த மாதிரிதான். மூடியை இறுகத் திருகி, அட்டைப் பெட்டியோடு, வெயில் படாத குளிர்ந்த அலமாரியில் வையுங்கள். திறந்த புட்டியை ஓரிரு ஆண்டுகளுக்குள் பூசித் தீர்த்துவிடுங்கள். சின்னப் புட்டியாகவே வாங்குங்கள். தீபாவளி வரட்டும், கல்யாணம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வேலை முடிந்து, குளித்து, வாசலில் காற்று வாங்க உட்காரும் சாதாரண வெள்ளிக்கிழமை மாலைக்கே ஒரு சொட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.