விற்கப்பட்ட குடும்பங்களும் மீட்கப்பட்ட உறவும்

(கோபாலபுரத்தில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றை நிறப் பாகுபாட்டின் வரலாறாக மட்டும் படிப்பது போதாது. அடிமை முறை அவர்களுடைய உழைப்பைச் சுரண்டியது. பெயரையும் குடும்பத்தையும் பறித்தது. தாய் ஒரு பண்ணைக்கும் பிள்ளை வேறொரு பண்ணைக்கும் விற்கப்பட்டனர். 1865 இல் அங்கு அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதன்பின் விடுதலை பெற்றவர்கள், பிரிந்துபோன தாயையும் பிள்ளையையும் தேடிப் பத்திரிகைகளில் அறிவிப்புகள் வெளியிட்டனர். பல பத்தாண்டுகள் அந்தத் தேடல் நீடித்தது.

இது கடல் கடந்த கதை மட்டுமன்று. 1800 இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பாலக்காட்டுப் பகுதியில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், வயல் அடிமைகளின் நிலையைப் பதிவு செய்துள்ளார். அவர்கள் விற்கப்பட்டனர்; அடகு வைக்கப்பட்டனர்; குத்தகைக்கும் விடப்பட்டனர். கணவனையும் மனைவியையும் பிரித்து விற்பதில்லை என்பது வழக்கம். ஆனால் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்கலாம், உடன்பிறந்தாரையும் பிரிக்கலாம்.

பாலக்காடு அன்று பிரிட்டிஷ் மலபாரில் இருந்தது. சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. இன்றைய இடுக்கி மலைகள் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. ஆகவே விடுதலையும் மூன்று தவணைகளில் வந்தது: கம்பெனி ஆட்சியில் 1843, கொச்சியில் 1854, திருவிதாங்கூரில் 1855. உழுதவருக்கு நிலம் இவற்றில் எதிலும் இல்லை. பிரிக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்த்து வைக்கும் ஏற்பாடும் இல்லை.

இந்த இழப்பையே ஓர் இயக்கத்தின் மையமாக்கியவர் பொய்கையில் அப்பச்சன். 1879 இல் திருவல்லாவுக்கு அருகிலுள்ள இரவிபேரூரில், அடிமைத் தளையில் இருந்த பறையர் குடும்பத்தில் பிறந்தார். மார்த்தோமா சபையில் சேர்ந்து யோகன்னான் ஆனார். ஞானஸ்நானம் பெற்றும் சாதி போகவில்லை என்பதைக் கண்டு வெளியேறினார். பிரதரன் சபைக்குச் சென்றார். அங்கும் அதையே கண்டார். 1909 அளவில் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையை நிறுவினார். பறையர், புலையர், குறவர் எனப் பிரிந்து கிடந்தவர்களை, அடிமைகளின் சந்ததி என்ற ஒரே நினைவில் இணைத்தார். விற்கப்பட்ட தாய் தந்தையரையும் அனாதையாய் நின்ற பிள்ளைகளையும் அவருடைய பாடல்களும் உரைகளும் பேசின. 1921 இலும் 1931 இலும் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக இருந்தார்.

பிலடெல்பியாவில் வெள்ளையரின் தேவாலயத்தில் அவமதிக்கப்பட்டு வெளியேறிய ரிச்சர்ட் ஆலன், 1816 இல் கறுப்பின மக்களுக்கான தனித் திருச்சபையை அமைத்தார். அப்பச்சன் எடுத்ததும் அத்தகைய முடிவே. உறவினரை இழந்தவர்களுக்குச் சபையே உறவாயிற்று; வரலாறு மறுக்கப்பட்டவர்களுக்கு வழிபாடே வரலாறாயிற்று. மதத்தில் துயரத்தின் வெளிப்பாட்டையும், அத்துயரத்துக்கு எதிரான முறையீட்டையும் மார்க்ஸ் ஒருசேரக் கண்டார். இதில் முதல் பாதியை மட்டும் பார்த்து, மூடநம்பிக்கை என்று இத்தகைய இயக்கங்களை ஒதுக்குவது மார்க்சியம் ஆகாது.

நம்பிக்கையின் பெயரால் குடும்பத்தைப் பிரிக்கும் வேலை இன்றும் நடக்கிறது. 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கே உரியதாக்கியது. 1956 இல் சீக்கியரும் 1990 இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவர்கள் இன்னும் வெளியே நிற்கின்றனர். ஒரே சேரியில், ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனுக்குப் பட்டியல் சாதி இட ஒதுக்கீடு உண்டு. தேவாலயத்துக்குச் செல்லும் தம்பிக்கு இல்லை. மதம் மாறினாலும் இருவரையும் சாதி ஒன்றாகவே நடத்துகிறது. அரசு மட்டும் இருவராகப் பார்க்கிறது.

நிலச் சீர்திருத்தத்தின் சாதனையையும் அதன் எல்லையையும் சேர்த்தே பேச வேண்டும். 1970 ஜனவரி 1 முதல் குத்தகை விவசாயிக்கு வயல் கிடைத்தது. வயலில் உழைத்த தலித் தொழிலாளிக்கோ, கிராமத்தில் 10 சென்ட் வரையிலான குடியிருப்பு மனையே கிடைத்தது. வெளியேற்ற முடியாத வீடு என்பது பெரிய வெற்றி, விளைநிலம் ஆகாது. தோட்டங்கள் உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்றன. அதனால் மூணாறு மலைகளில் பல தலைமுறைகளாக உழைக்கும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் இன்றும் கம்பெனியின் லயங்களிலேயே வாழ்கின்றன. வேலை முடிந்தால் வீடும் முடிகிறது.

முதலமடை ஊராட்சியின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் அருந்ததியர் மக்கள் சந்தித்த தீண்டாமை, 2017 இல் கேரளம் முழுவதும் பேசப்பட்டது. இடதுசாரி இயக்கம் வேரூன்றிய மாவட்டத்தில் இது நடந்தது என்பதைக் கட்சி உறுப்பினர்கள் மறைக்கவும் கூடாது, மறக்கவும் கூடாது. கூலி உயர்வுக்குக் கொடி பிடிக்கும் கை, குழாயடியிலும் தேநீர்க் கடையிலும் சாதிக்கு எதிராக உயர வேண்டும்.

தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி, தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த மனை, உழைப்பவருக்கு விளைநிலம் ஆகிய மூன்றும் ஒரே கோரிக்கையின் மூன்று பகுதிகள். கிளைக் கூட்டங்களில் இவை தனித்தனியாக அன்றி, ஒன்றாக விவாதிக்கப்பட வேண்டும். 1843 முதல் 1855 வரை வந்த ஆணைகள் விட்டுவைத்த பாக்கி இது. அதை வசூலிக்கும் பொறுப்பு உழைக்கும் வர்க்கத்தின் கட்சிக்கு உரியது.