சீனியர் ப்ராஜெக்ட்டுக்கு எந்தக் கேள்வி?

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளும் அவங்க அப்பா அம்மாக்களும் கேட்கிற கேள்விதான் இந்த எபிசோடு. சீனியர் ரிசர்ச் ப்ராஜெக்ட்டுக்கு "சமூகத்துக்குப் பயன்படுற மாதிரி" தலைப்பு எடுக்கச் சொல்லியிருக்காங்க, என்ன எடுக்கலாம்? மெயில்ல வந்த தலைப்புகளைப் பார்த்தேன். பருவநிலை மாற்றம், மனநலம், வறுமை ஒழிப்பு. எல்லாமே நல்ல விஷயம்தான். ஆனா ஒரு பள்ளி மாணவர் ஏழெட்டு மாசத்துல அதுல புதுசா என்ன கண்டுபிடிக்க முடியும்? இருபது கட்டுரை படிச்சு இருபத்தோராவது கட்டுரை எழுதலாம், அவ்வளவுதான்.

அதுக்காக "ஒரு ஆப் பண்ணிடலாம்"னு போகாதீங்க. சாஃப்ட்வேர்க்காரனா இருந்துகிட்டே சொல்றேன். ஆப் ஒரு பதில். உங்ககிட்ட இன்னும் கேள்வியே இல்லையே.

மிச்சிகன் மாநிலத்துல ஃப்ளின்ட் நகரத்தோட கதை பலருக்குத் தெரிஞ்சிருக்கும். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க, டெட்ராய்ட் தண்ணீரை விட்டுட்டு ஃப்ளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினாங்க. குழாய் அரிக்காம இருக்கச் சேர்க்கவேண்டிய மருந்தைச் சேர்க்கல. பழைய குழாய்கள்ல இருந்து ஈயம் தண்ணீரில் கலந்தது. இது எப்படி நிரூபணமாச்சு? 2015இல் வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் குழு 300 சாம்பிள் கிட் அனுப்பியது. குழாயைத் திறந்து தண்ணீர் பிடிச்சுக் கொடுத்தது அந்த ஊர் மக்கள். குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, மருத்துவமனையில ஏற்கெனவே இருந்த ரத்தப் பரிசோதனைப் பதிவுகளைத் தண்ணீர் மாறுவதற்கு முன், பின் என்று பிரிச்சு ஒப்பிட்டார். முதலில் அரசுத் தரப்பு மறுத்தது. அடுத்த மாசம், அக்டோபரில், மறுபடியும் டெட்ராய்ட் தண்ணீருக்கே மாறினாங்க.

இதுல கவனிக்கவேண்டியது கேள்வியோட அளவு. "அமெரிக்காவில் குடிநீர் பாதுகாப்பு" அல்ல. இந்த ஊர், இந்தக் குழாய், இந்த 18 மாசம்.

பள்ளி அளவுக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு தலைப்பு, ரோட்டைக் கடக்கிற சிக்னல். நம்ம ஊர்லேர்ந்து ஆறு மாசம் தங்க வர்ற தாத்தா பாட்டிகளுக்குக் கார் கிடையாது. லைப்ரரிக்கோ கடைக்கோ நடந்துதான் போவாங்க. நடுவுல ஆறு லேன் ரோடு. சிக்னலுக்கு எத்தனை வினாடி கொடுக்கணும்னு அமெரிக்காவில் ஒரு கையேடு இருக்கு. முன்னாடி, ஒருத்தர் வினாடிக்கு 4 அடி நடப்பார்னு வைச்சுக் கணக்குப் போட்டாங்க. 2009 பதிப்பில் அதை 3.5 அடியாகக் குறைச்சாங்க. ரோடு 84 அடி அகலம்னா 24 வினாடி. பாட்டி 2.8 அடி வேகத்துல நடந்தா 30 வினாடி வேணும். நடக்கலாம்னு காட்டுற விளக்கு அணையும்போது இறங்கியிருந்தா, கணக்குப்படி நேரம் முடியும்போது இன்னும் 17 அடி பாக்கி. ஏறக்குறைய ஒன்றரை லேன். அங்க நிக்கிறது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அதே கையேடு இன்னொண்ணும் சொல்லுது: மெதுவா நடக்கிறவங்க வழக்கமாகப் பயன்படுத்துற இடத்துல, இன்னும் குறைஞ்ச வேகத்தை வைத்துக் கணக்கிடுவதைப் பரிசீலிக்கணும். அந்த "வழக்கமாக" என்ற சொல்லில்தான் உங்க ப்ராஜெக்ட் உட்கார்ந்திருக்கு. உங்க ஊர் அந்த முனையில யார் எவ்வளவு வேகத்துல நடக்கிறாங்கன்னு நகராட்சியிடம் பெரும்பாலும் கணக்கு இருக்காது. நீங்க எடுத்தா இருக்கும்.

தேவை ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு. அகலத்தை மேப்ஸ்ல அளந்துக்கலாம், டேப்பைப் பிடிச்சுகிட்டு நடு ரோட்டுக்குப் போகவேண்டாம். யாரை அளப்பதுன்னு முன்னாடியே விதி வச்சுக்கணும். உதாரணமா, ஒவ்வொரு தடவையும் பட்டன் பக்கத்துல நிக்கிற முதல் ஆள், வயசு எதுவானாலும். இல்லேன்னா நம்மள அறியாமலே மெதுவா நடக்கிறவங்களையா பார்த்துப் பொறுக்குவோம், முடிவு முன்னாடியே எழுதின மாதிரி ஆகிடும். பேர் வேண்டாம், போட்டோ வேண்டாம்.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. பயந்துகிட்டு கடக்கிறதையே நிறுத்தினவங்க உங்க கணக்குல வரவே மாட்டாங்க. எல்லாரும் நேரத்துக்குள்ள கடந்துட்டாங்கன்னு டேட்டா சொல்லும், ஆனா கடக்க முடியாத பாட்டி வீட்டுல இருக்காங்க. அவங்களைப் பிடிக்க முதியோர் மையத்துக்கோ கோயிலுக்கோ போய்ப் பேசணும். அங்கதான் அனுமதி விஷயம் வருது. பொது இடத்துல தூரமா நின்னு, யாருன்னு அடையாளம் குறிக்காம எண்ணுறதுக்குப் பொதுவா விதிகள் தளர்வு. கேள்வித்தாளை நீட்டினா, ஏபி ரிசர்ச் ஆகட்டும், பெரிய அறிவியல் கண்காட்சிகள் ஆகட்டும், மறுஆய்வுக் குழுவோட ஒப்புதல் டேட்டா எடுக்கிறதுக்கு முன்னாடியே கேட்பாங்க. எடுத்த பிறகு வாங்க முடியாது. அதனால செப்டம்பர்லயே உங்க டீச்சர்கிட்ட கேட்டுடுங்க.

அப்பா அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. "இது காலேஜ் அப்ளிகேஷன்ல எடுபடுமா?"ன்னு எழுதியிருந்தீங்க. அந்தக் கேள்வியை ஒரு மாசம் ஓரமா வையுங்க. அதுக்குப் பதிலா பிள்ளைகிட்ட, "இதோட முடிவை யார்கிட்ட கொடுக்கப் போறே?"ன்னு கேளுங்க. நகராட்சிப் போக்குவரத்துப் பொறியாளர்னு பதில் வந்தா தலைப்பு சரி. "எல்லாருக்கும் விழிப்புணர்வு"ன்னு வந்தா இன்னும் கொஞ்சம் சுருக்கச் சொல்லுங்க.

உங்க ஊரில் இதுக்கு ஈடான தலைப்பு என்னன்னு அனுப்புங்க. ரெண்டு மூணை எடுத்து, டேட்டா எப்படிச் சேர்க்கலாம்னு அடுத்த எபிசோடுல பேசலாம்.