குற்றம் கம்பியில் இல்லை



இன்று எங்கள் வீட்டுக் கதை ஒன்றோடு வருகிறோம். நாங்கள் உடன்பிறந்தவர்கள் மூன்று பேர். அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவர். தம்பி ராஜபாளையத்தில் நூற்பாலையில் வேலை பார்க்கிறான். நடுவில் பிறந்தவர் குருமடம் போனார். அந்தக் குரல்தான் இப்போது உங்கள் வீட்டில் ஒலிக்கிறது. அக்கா ஊருக்கும் தம்பி ஊருக்கும் இடையே பஸ்ஸில் அரை மணி நேரம். ஆனாலும் அத்தான் இறந்த பிறகு அக்கா வீட்டுப் படியை நாங்கள் மிதித்தது குறைவு. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

அக்காவுக்கு ஒரே மகள். சென்னையில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் வேலை செய்கிறாள். சில வாரங்களாக நெட் இழுத்து இழுத்து வந்தது. கூட்டத்தில் அவள் பேசுவது மற்றவர்களுக்கு விட்டு விட்டுக் கேட்டது. "இந்த மாதத்துக்குள் சரிசெய், இல்லையென்றால் சென்னைக்கே வந்துவிடு" என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அவள் சென்னைக்குப் போனால் அக்கா அந்த வீட்டில் தனி ஆள்.

செய்தி எங்களுக்கு வந்தது. உடனே ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னோம். "ராத்திரி பகலா படம் பாத்தா அப்படித்தான் ஆகும்" என்றோம், மருமகளைப் பற்றி. லைன்மேன் இரண்டு முறை வந்து பார்த்து, "லைன் நல்லா இருக்கும்மா, நூறு வருது" என்று சொல்லிப் போயிருந்தார். அவர் போன கையோடு பழைய கதைதான். "பொய் சொல்லிட்டுப் போறான்" என்று அவரையும் பேசினோம். ஃபோனிலேயே அவரைக் கடிந்தும் கொண்டோம். தம்பி முடிவே சொல்லிவிட்டான்: "லேப்டாப்ப எடுத்துட்டு வரச் சொல்லுங்க. தெரிஞ்ச கடையில ஃபார்மட் போட்டுருவோம். எல்லாம் அழிஞ்சு புதுசு மாதிரி ஆயிரும்."

சனிக்கிழமை நாங்கள் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம், லேப்டாப்பை வாங்கி வருவதற்காக. கொண்டு போகுமுன் ஒருமுறை வரிசையாகச் சோதித்துப் பார்ப்போமே என்று உட்கார்ந்தோம். நேயர்களே, உங்கள் வீட்டிலும் இந்தத் தொல்லை இருக்கலாம். அதனால் செய்ததை அப்படியே சொல்கிறோம்.

முதலில் ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை நேராக லேப்டாப்பில் செருகி வேகம் பார்த்தோம். 92 காட்டியது. அத்தோடு லைன்மேன் சொன்னது உண்மை என்று தெரிந்துவிட்டது. தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் கம்பியில் குற்றமே இல்லை.

இங்கே ஒரு கணக்கு. நெட் கம்பெனிக்காரர்கள் 100 என்று சொல்வது மெகாபிட். நம் படமும் பாட்டும் மெகாபைட் கணக்கு. ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆகவே 100 என்றால் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான் இறங்கும். இது தெரியாமல், ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

அடுத்து கேபிளை உருவிவிட்டு, ரவுட்டர் பக்கத்திலேயே வைஃபையில் பார்த்தோம். 45. பிறகு அவள் வழக்கமாக உட்கார்ந்து வேலை செய்யும் பின்கட்டு அறைக்குப் போனோம். 3! ரவுட்டர் இருந்த இடத்தை அப்போதுதான் கவனித்தோம். முன்னறை மூலையில், தரையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால். கம்பியில்லா அலை சுவரைக் கடந்து போகும் என்பதை நம் நாட்டு ஜெகதீஷ் சந்திர போஸ் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கொல்கத்தாவில் மணியடித்துக் காட்டினார். ஆனால் இரும்பு அந்த அலையைத் திருப்பி அடித்துவிடும். தடித்த சுவர் அதன் பலத்தைக் குறைத்துவிடும். பலம் குறைந்தால் வேகமும் குறையும். ரவுட்டரை எடுத்து இரண்டு அறைக்கும் நடுவே, வாசற்படிக்கு மேல் இருந்த பலகையில் வைத்தோம். அந்த ரவுட்டர் இரண்டு அலைவரிசையில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் நெருக்கியடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் உண்டு, தூரம் குறைவு. இடம் மாறியதும் பின்கட்டு வரை 5 எட்டியது. லேப்டாப்பை அதில் இணைத்தோம். 3 என்பது 14 ஆனது.

கூடியது சரி. ஆனாலும் 92 வரும் வீட்டில் 14 ஏன்? அதே அறையில் அக்காவின் ஃபோனில் பார்த்தோம். அதிலும் இழுவைதான். அப்போது மருமகள் லேப்டாப்பை மூடிவைத்தாள். ஃபோனில் உடனே 50. திறந்தாள், ஃபோன் மறுபடி இழுத்தது. "மாமா, லைன்மேன் அண்ணன் வந்தப்போ ரெண்டு தடவையும் நான் லேப்டாப்ப மூடி வச்சிருந்தேன்" என்றாள் அவள். எங்களுக்குச் சுருக்கென்றது.

ஏன் இப்படி? வைஃபையில் எல்லாக் கருவிகளும் ஒரே காற்றில் முறை போட்டுத்தான் பேச வேண்டும். ரேஷன் கடை வரிசையில் ஒருவர் மூட்டை மூட்டையாக மெதுவாக வாங்கிக்கொண்டு நின்றால் பின்னால் நிற்பவர்கள் காத்திருக்க வேண்டியதுதானே? அந்த லேப்டாப்பும் அப்படித்தான் எதையோ இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் என்ற பத்தியைச் சொடுக்கினோம். அதிகம் தின்கிற செயலி மேலே வந்து நின்றது. கோப்புகளை இணையச் சேமிப்புக்கு ஏற்றும் செயலி. "இதுதான் திருடன். ஃபோல்டரோட அழிச்சிரு" என்று தம்பி கையை நீட்டினான். மருமகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஃபோல்டரின் பெயர் 'அப்பா'.

அத்தானின் பழைய ஃபோன் பழுதாகுமுன் அதிலிருந்தவற்றை எல்லாம் அவள் இதில் இறக்கி வைத்திருக்கிறாள். அவர் அனுப்பிய குரல் செய்திகள். கிறிஸ்துமஸ் குடில் கட்டியபோது எடுத்த வீடியோக்கள். கடைசி நாட்களில் மருத்துவமனையில் எடுத்தவை. அம்மா பார்த்தால் அழுவாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. தொலைந்துவிடக் கூடாதே என்று அவள்தான் ஏற்றப் போட்டிருக்கிறாள். ஏறி முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். முடியவில்லை. இன்னும் 60 ஜிபி பாக்கி. பீரோவுக்குப் பின்னால் இருந்த ரவுட்டரில் நொடிக்கு ஒரு மெகாபிட் கணக்கில் ஏறினால் 133 மணி நேரம் ஆகும். தினம் எட்டு மணி நேரம் லேப்டாப் திறந்திருந்தால் பதினேழு நாள். அந்தப் பாரத்தை இழுத்துக்கொண்டுதான் அது மூச்சு வாங்கியது.

நேயர்களே, அன்று சோதிக்காமல் கொண்டு போயிருந்தால், மாலைக்குள் ராஜபாளையத்துக் கடையில் அது ஃபார்மட் ஆகியிருக்கும். அத்தானின் குரல் பாதிக்கு மேல் இந்த உலகத்தில் எங்கும் இருந்திருக்காது. நல்லது செய்கிறோம் என்று நினைத்து நாங்களே அதைச் செய்திருப்போம்.

அன்று இரவு லேப்டாப்பைக் கேபிளில் போட்டு, மூடாமல் விட்டுவைத்தோம். மூன்று மணி நேரத்துக்குள் 60 ஜிபியும் ஏறி முடிந்தது. தம்பி கடைக்குப் போய் ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி வந்து, அதிலும் ஒரு நகல் எடுத்துக் கொடுத்தான். இனி வேலை நேரத்தில் ஏற்றம் நிற்கும்படியும் செய்தோம். பின்கட்டு அறையில் இப்போது 50 வருகிறது. மருமகள் சென்னைக்குப் போகவில்லை.

அடுத்தவர் கண்ணில் துரும்பு தேடுகிறவர்களைப் பற்றி ஆண்டவர் சொன்னது நம் எல்லோருக்கும் மனப்பாடம். பிரசங்கம் வைக்கிற எங்களுக்கு இன்னும் நன்றாகவே மனப்பாடம். ஆனாலும் எங்கள் வீட்டு பீரோவைப் பார்க்குமுன் தெருக் கம்பியைப் பார்த்தோம். பிள்ளையிடம் "என்னம்மா வச்சிருக்க?" என்று ஒரு வார்த்தை கேட்குமுன் தீர்ப்பு எழுதினோம். வீட்டில் ஒருவர் மந்தமாகிப் போனால், எரிச்சல்பட்டால், கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால், சோம்பேறி என்கிறோம், மாறிவிட்டார் என்கிறோம். உள்ளே என்ன பாரம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று உட்கார்ந்து பார்க்க நமக்குப் பொறுமை இல்லை. எங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. அந்த மாலைப்பொழுதை முன்பே கொடுத்திருக்கலாம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் லைன்மேனை ஃபோனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லங்க ஃபாதர், எங்களுக்கு இது பழக்கம்தான்" என்றார். அந்தப் பதில் இன்னும் காதில் நிற்கிறது. இப்படித் திட்டு வாங்கிப் பழகிப்போனவர்கள் நம் வாசலுக்கும் வந்து போகிறார்கள். நம் வீட்டுக்குள்ளும் இருக்கிறார்கள். இந்த வாரம் அவர்களில் ஒருவரிடமாவது முதலில் கேட்போம், பிறகு பேசுவோம்.

இறைவன் நம் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம்.