காவிரிக்கரையில் ஒரு முத்திரைப் பெட்டி



ஆடிப் பதினெட்டன்று ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் காவிரிக்கரைகளில் கால் வைக்க இடம் இருக்காது. மற்ற நாட்களில் அதே கரைப்பாதையில் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள்தான் நடக்கிறார்கள். ஆற்றைப் பார்ப்பதற்கென்றே பிள்ளைகளை அங்கே நடத்திக் கூட்டிப்போக ஒரு விளையாட்டு இருக்கிறது.

அது பிறந்த இடம், இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் என்றொரு சதுப்பு மேட்டுநிலம். அங்கே ஜேம்ஸ் பெராட் என்ற வழிகாட்டி, 1854-இல், கிரான்மியர் குளம் என்னும் எளிதில் எட்டாத இடத்தில் ஒரு சாடியை வைத்தார். அந்த இடம்வரை நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் போட்டுச் சென்றார்கள். பிறகு தங்கள் வீட்டு முகவரி எழுதிய அஞ்சலட்டைகளைப் போட்டார்கள். அடுத்து வருகிறவர் எடுத்துப்போய்த் தபாலில் சேர்க்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரை நம்பி அட்டையை விட்டுவருவது எவ்வளவு நல்ல பழக்கம்! இதற்கு லெட்டர்பாக்ஸிங் என்று பெயர் வந்தது இப்படித்தான்.

இன்று அஞ்சலட்டை இல்லை, ரப்பர் முத்திரை. மூடியுள்ள டப்பாவில் ஒரு முத்திரையும் ஒரு நோட்டும் வைத்து, பாதையோரம் ஒளித்துவிட்டு, குறிப்பை மட்டும் வெளியிடுவார்கள். கண்டுபிடிப்பவர் அந்த முத்திரையைத் தம் நோட்டில் பதித்துக்கொண்டு, தம்முடைய முத்திரையை டப்பாவின் நோட்டில் பதித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பார். டார்ட்மூரில் நூறு பெட்டி கண்டவர்களுக்கென்றே ஒரு கழகம் உண்டு.

விடுகதை போட்டு வளர்ந்த நமக்குக் குறிப்பு எழுதச் சொல்லித்தரவா வேண்டும்? "வாய்க்கால் இடக்கையில், ஆறு வலக்கையில். மூன்று பனை சேர்ந்த இடத்தில் நில். ஊர்ப்பக்கம் முப்பது தப்படி. வேர்தான் கதவு." இது போதும், ஒரு வகுப்பே கிளம்பிவிடும்.

முதல் பெட்டிக்கு ஜேடர்பாளையத்தைத்தான் சொல்வேன். அங்கே படுகை அணை இருக்கிறது, ராஜவாய்க்கால் பிரிகிறது. அதை வெட்டுவித்தவர் என்று ஊரார் போற்றும் அல்லாள இளைய நாயக்கரின் சிலையும் அங்கேதான். அந்த வாய்க்காலும் கிளைகளும்தான் மோகனூர் வரை வாழைக்கும் வெற்றிலைக்கும் கரும்புக்கும் தண்ணீர் கொண்டுபோகின்றன. பரமத்தி வேலூர்ப் பெட்டியின் முத்திரையில் ஒரு வெற்றிலை இருக்கட்டும். மோகனூர், நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை 1888-இல் பிறந்த ஊர். அவர் ஓவியரும்கூட, அங்கே தூரிகை. ஒரே நாளில் நடந்து முடிக்கும் தூரமில்லை, ஊர் ஊராகப் பிரித்து நடக்கலாம். ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, தண்ணீர் எங்கே பிரிந்து எந்த வயலுக்குப் பாய்கிறது என்பது பிள்ளைக்குத் தானே புரிந்துவிடும். பாடப்புத்தகம் இதை இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

முத்திரை செய்வது சுலபம். பெரிய அழிரப்பரில் பெரியவர் ஒருவர் உடனிருந்து பிளேடால் செதுக்கலாம். எழுத்து செதுக்கினால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும்.

கவனம் தேவையான இடங்களும் உண்டு. மேட்டூரில் தண்ணீர் கூடுதலாகத் திறந்தால் கரையின் தாழ்ந்த இடங்கள் முழுகும். பெட்டி மேட்டில் இருக்க வேண்டும், பிள்ளைகள் தண்ணீரில் இறங்கவே கூடாது. கோயில் சுவரிலும் மதகிலும் அணைக்கட்டிலும் வைக்காதீர்கள். தோட்டமென்றால் உரியவரைக் கேளுங்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் டப்பா யாரையும் பயமுறுத்தும். ஊராட்சியிலும் காவல் நிலையத்திலும் முன்பே சொல்லி, உள்ளே இருப்பதை மூடியிலேயே தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கரையோரப் பள்ளிகளின் ஆசிரியர்களே, தை மாதத்தில் வெயில் தாழ்ந்திருக்கும். ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்து, உங்கள் ஊரின் முதல் பெட்டியைப் பிள்ளைகள் கையாலேயே வைக்கச் செய்யுங்கள்.