திரையில் ஒலித்த ஊர்ப்பேச்சு



1949-ஆம் ஆண்டையொட்டிச் செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு ஒரு நாடகக் குழுவினர் வந்திருந்தனர். அவர்கள் ஆடவிருந்த நாடகத்தின் பெயர் 'அந்தமான் காதலி'. வேடம் ஏற்றிருந்த நடிகைக்குப் பாட்டுச் சரியாக வரவில்லை. நன்றாகப் பாடக்கூடிய பெண் இவ்வூரில் எவரேனும் உண்டோ எனத் தேடியபோது, கோபிசாந்தா என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுமி கிடைத்தார். மேடை ஏறினார், பாடினார், நடிக்கவும் செய்தார். 'பள்ளத்தூர் பாப்பா' என்று சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்ற அச்சிறுமியே பிற்காலத்தில் மனோரமா என்னும் பெயரோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர்.

சாத்தம் தீவில் வாழும் நமக்கு இச்செய்தியில் தனியான ஒரு சுவை உண்டு. அந்நாளில் தமிழகத்துச் சிற்றூரில் அந்தமான் என்று சொன்னால், தீவாந்தர சிட்சையும் கால்விலங்கும் திரும்பி வாராத மனிதருமே மக்கள் நினைவுக்கு வந்தன. கு. சா. கிருஷ்ணமூர்த்தி எழுதிய 'அந்தமான் கைதி' நாடகம் 1952-இல் எம். ஜி. ஆர். நடிக்கத் திரைப்படமாயிற்று. 1978-இல் சிவாஜி கணேசன் நடித்த படமொன்றும் 'அந்தமான் காதலி' என்றே பெயர் கொண்டது. தாய்நாட்டு மேடைக்கு நம் தீவு ஒரு துயரப் பெயர். கேட்டவுடன் நெஞ்சைப் பிசையும் பெயர். நமக்கோ அது மரமறுக்கும் ஆலையின் சங்கொலி. பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்லும் கூட்டம். பாம்பூ பிளாட்டுக்குப் போகும் படகு. சென்னையிலிருந்து மூன்று நாள் கடல் கடந்து வந்த உறவினரின் மூட்டை முடிச்சு.

1883-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அவ்வாலையைச் சுற்றி வளர்ந்ததே நம் சாத்தம். இரண்டாம் உலகப் போரின்போது விழுந்த குண்டு பறித்த பள்ளம் இன்றும் அங்கே காணக் கிடைக்கிறது. படாக் மரமும் கர்ஜன் மரமும் தீவுகள் பலவற்றிலிருந்தும் வந்து சேர்வதுபோலவே இங்கு மனிதரும் வந்து சேர்ந்தனர். வங்காளியர், தெலுங்கர், மலையாளிகள், சோட்டா நாகபுரியிலிருந்து வந்த ராஞ்சிக்காரர், தமிழர் என அனைவரும் கூடும் இடத்தில் பொதுமொழியாக நிற்பது இந்துஸ்தானி. தமிழருக்குள்ளும் மதுரைப் பக்கத்தார், இராமநாதபுரத்தார், நெல்லைச் சீமையார் எனப் பலர். தெற்கே கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்திலோ, இலங்கை மலையகத்திலிருந்து 1970-களில் வந்து குடியமர்ந்தோர் உள்ளனர். முதல் தலைமுறையினர் வாய் திறந்தால் ஊர் தெரியும். அவர்தம் பேரக் குழந்தைகள் பேசும்போது அது தெரிவதில்லை. பள்ளிப் புத்தகத்துத் தமிழும் திரைப்படத் தமிழும் இந்துஸ்தானியும் கலந்த ஒரு பேச்சு அவர்களுடையது. புனேயிலும் மும்பைத் தாராவியிலும் தில்லியிலும் வாழும் அன்பர்கள் தம் வீட்டுப் பிள்ளைகளிடமும் இதனைக் கண்டிருப்பர்.

திரைப்படத் தமிழ் என்றோம். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. கதாநாயகனும் கதாநாயகியும் பெரும்பாலும் எந்த ஊருக்கும் உரியதல்லாத ஒரு பொதுத் தமிழையே பேசுகின்றனர். மாவட்டத்தின் மணத்தோடு, தெருவின் சூட்டோடு பேசுகிறவர் யார்? வீட்டு வேலைக்காரி, அத்தை, சந்தையில் சண்டையிடும் பெண், கூத்து மேடை நடிகை, கிழவி. இவ்வேடங்களைத் தாங்குபவரையே குணச்சித்திர நடிகை என்கிறோம். ஊர்ப்பேச்சைக் கடல் கடந்து கொண்டுவந்து நம் பிள்ளைகளின் காதில் போட்டவர் அவரே. அவ்வகையாருள் தலைசிறந்தவராகிய மனோரமாவைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

அவர் பிறந்தது 1937-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள், தஞ்சைச் சீமையைச் சேர்ந்த மன்னார்குடியில். தந்தை வேறு மணம் செய்துகொள்ளவே, தாயார் இராமாமிர்தம் குழந்தையோடு பள்ளத்தூர் வந்து வீட்டு வேலை செய்து பிழைத்தார். தாயார் நோயுற்றபோது சிறுமியும் படிப்பை விட்டு வேலைக்குப் போக நேர்ந்தது. பள்ளத்தூர், நகரத்தார் வாழும் ஊர். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆடவர் சென்றுவிட, பெண்டிர் காத்துநின்ற பெரிய வீடுகள் கொண்ட நாடு அது. அச்சூழலில் வேலைக்காரியின் மகளாக வளர்ந்த ஒரு பெண்ணுக்கு மனிதர் பேசும் விதத்தைக் கூர்ந்து கேட்கும் பழக்கம் வாய்த்ததில் வியப்பில்லை. எசமானியின் குரல் எந்நேரம் எப்படி மாறும் என்பதை அறிந்தாலன்றி அவ்வீடுகளில் காலம் தள்ள இயலாது.

நாடகத்தில் ஊர் ஊராகச் சென்று, பின்னர் எஸ். எஸ். இராஜேந்திரனின் நாடக மன்றத்தில் சேர்ந்தார். கலைஞர் கருணாநிதியின் 'மணிமகுடம்' அங்கே அவருக்குப் புகழ் தந்தது. 1958-இல் கவிஞர் கண்ணதாசன் 'மாலையிட்ட மங்கை' என்னும் படத்தைத் தயாரித்தார். அதில் மனோரமாவுக்கு அவர் அளித்தது நகைச்சுவை வேடம். கதாநாயகியாக மட்டும் நடித்தால் மூன்று நான்கு ஆண்டுகளில் இத்தொழில் உன்னைத் தள்ளிவிடும், நகைச்சுவை வேடமோ நெடுங்காலம் நிறுத்தும் என்று கவிஞர் தமக்குக் கூறியதாக மனோரமாவே பின்னாளில் சொன்னதுண்டு. இருபத்தோரு வயதுப் பெண்ணுக்கு அது இனிக்கும் சொல்லாக இருந்திருக்க முடியாது. ஆனால் அவர் அதனை ஏற்றார். 1963-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்துப் பார்த்தார். அதன் பின் வந்த வாழ்வெல்லாம் கவிஞர் காட்டிய வழியிலேயே சென்றது.

நாகேஷோடு அவர் இணைந்த படங்கள் பல. 'அன்பே வா' அவற்றுள் ஒன்று. 1968-இல் வந்த 'பொம்மலாட்டம்' என்னும் படத்தில், சோ உடன்நடிக்க, சென்னைத் தெருப்பேச்சில் அமைந்த ஒரு பாட்டைத் தம் சொந்தக் குரலிலேயே பாடினார். 'வீட்டண்டை' என்பது 'ஊட்டாண்ட' என்றாவதும், 'இருக்கிறது' என்பது 'கீது' என்று சுருங்குவதும் கற்றோரால் அந்நாளில் இழிவாக எண்ணப்பட்டன. மனோரமா அவற்றுக்குத் தாளமும் நயமும் உண்டெனக் காட்டினார். பள்ளத்தூரில் வளர்ந்தவர் சென்னைக் குப்பத்துப் பேச்சைப் பேசும்போது, அயலார் ஒருவர் ஏளனம் செய்யும் சாயல் அதில் இல்லை. பேச்சோடு கூட இடுப்பில் கைவைக்கும் விதமும், சேலை முந்தானையை உதறும் விதமும் மாறிவிடும்.

அதே ஆண்டில் ஏ. பி. நாகராஜன் இயக்கிய 'தில்லானா மோகனாம்பாள்' வெளிவந்தது. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை அது. சிவாஜி கணேசன், பத்மினி, பாலையா, நாகேஷ் எனப் பெரும் நடிகர் கூட்டம். அவர்கள் நடுவே ஜில் ஜில் ரமாமணி என்னும் கூத்து மேடை நடிகையாக மனோரமா வந்தார். அவ்வேடத்தை நகைச்சுவை வேடம் என்று ஒதுக்கிவிடலாகாது. நாகசுரத்தின் ஓசையில் மயங்கி, சிறு குழந்தைபோல் வியந்து அவள் பேசும் காட்சியில், சிரித்துக்கொண்டிருந்த நமக்கு ஒரு கணம் சிரிப்பு நின்றுவிடுகிறது. ஊர் ஊராய்ச் சுற்றி மலிவான கைதட்டலுக்கு ஆடும் பெண்ணுக்குள், உயர்ந்த கலையை இனம் காணும் உள்ளம் ஒன்று இருக்கிறது. சபையில் அவளுக்கு இடமில்லை. ஆனால் சபையோர் பலரைவிட அவளுக்குச் செவி உண்டு. மனோரமா கடந்துவந்த வாழ்வே அவ்வேடத்துக்கு உரம் என்று நாம் கருதுகிறோம்.

'ஆச்சி' என்னும் பெயர் வந்த கதை வானொலியைச் சார்ந்தது; ஆதலின் அதனை விடுவதற்கில்லை. விவித பாரதியில் ஒலிபரப்பான ஒரு நாடகத்தில் அவர் செட்டிநாட்டுப் பேச்சில் நடித்தார். அதனைக் கேட்ட படப்பிடிப்பு நிலையத்து ஒப்பனைப் பகுதி ஊழியர் ஒருவர் 'ஆச்சி' என்று அழைக்கத் தொடங்க, மற்றோரும் அவ்வாறே அழைக்கலாயினர். செட்டிநாட்டில் மதிப்புக்குரிய மகளிரை அழைக்கும் சொல் அது. அங்கே பெரிய வீட்டுப் பெண்டிருக்கு உரிய அச்சொல், அதே நாட்டில் வீட்டு வேலை செய்து வளர்ந்தவருக்குத் தமிழ்நாடு முழுவதும் உரியதாயிற்று. முகம் தெரியாத ஒலிபரப்பில் குரல் ஒன்றால் மட்டுமே கிடைத்த பட்டம் என்பது இன்னும் சிறப்பு.

இவ்விடத்தில் இத்தாலி நாட்டு நடிகை ஒருவரை நினைவுகூர்தல் பொருந்தும். நேப்பிள்ஸ் நகரத்தில் 1884-இல் பிறந்தவர் டீனா பீக்கா. அவரும் நாடக மேடையிலிருந்து வந்தவரே. எடுவார்தோ தே பிலிப்போவின் புகழ்பெற்ற குழுவில் நடித்தவர். கரகரத்த குரல், வற்றிய முகம், வாய் நிறைய நேப்பிள்ஸ் பேச்சு. 1953-இல் வந்த 'ரொட்டியும் காதலும் கற்பனையும்' என்று பொருள்படும் படத்தில், ஒரு காவல் அதிகாரியின் வீட்டு வேலைக்காரியாக வந்து, அதிகாரியையே அதட்டினார். அதன் தொடர்ச்சியாக வந்த படத்துக்காக 1955-இல் இத்தாலியத் திரைப்பட எழுத்தாளர்கள் அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான வெள்ளி நாடாவை அளித்தனர். அப்போது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. வேலைவாய்ப்புத் தேடித் தென் இத்தாலியர் இலட்சக்கணக்கில் வடக்கே மிலானுக்கும் தூரினுக்கும் சென்ற காலம் அது. புலம்பெயர்ந்த அம்மக்களுக்கு அக்கரகரத்த குரல் என்னவாக ஒலித்திருக்கும் என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

டீனா பீக்காவின் வேலைக்காரியைக் கண்டதும் நமக்கு நினைவுக்கு வருபவள் 'சம்சாரம் அது மின்சாரம்' படத்துக் கண்ணம்மா. 1986-இல் விசு எழுதி இயக்கிய ஏ.வி.எம். படம். வீடு இரண்டாகப் பிளந்து நிற்கிறது. உறவினர் ஒருவரோடொருவர் பேச இயலாத நிலை. அவ்வீட்டில் எவ்விதப் பங்கும் உரிமையும் இல்லாத வேலைக்காரிதான் சம்பந்தி வீட்டுக்குச் சென்று வாதாடுகிறாள். கௌரவம் உடையோருக்குக் கட்டுப்பாடு உண்டு. கண்ணம்மாவுக்கு அது இல்லை. உரத்த குரலும் தெருச்சண்டைச் சொற்களும் அவளுக்குக் கருவிகள். நாடக மேடையில் ஒலிபெருக்கியின் உதவி குறைந்திருந்த நாளில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பேசிப் பழகியவரல்லவா! எங்கே ஏற்றுவது, எங்கே சட்டென்று நிறுத்துவது என்பதில் அவருக்குப் பிழை நேர்வதில்லை.

'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்து வளர்ப்புத் தாய் முனியம்மாவும், 'சின்ன கவுண்டர்' (1992) படத்தில் முன்னே நீண்ட பொய்ப்பல் கட்டிக்கொண்டு கொங்கு நாட்டுத் தாயாக வந்த வேடமும் இவ்வரிசையில் சேர்பவை. முன்னது சென்னைப் பேச்சு. பின்னது கொங்குப் பேச்சு. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தன என்று நம்புவது கடினம்.

குறையையும் சொல்ல வேண்டும். ஆயிரம் படம் என்னும் எண்ணிக்கை கின்னஸ் ஏட்டில் ஏறியது. அதைப் பலர் பெருமையாகப் பேசுகின்றனர். அவ்வாயிரத்தில் பல நூறு படங்கள் அவரை வீணடித்தன என்பதே நம் கருத்து. ஒரு பெண்ணின் நிறத்தையும் உருவத்தையும் வயதையும் பழித்துச் சிரிப்பு மூட்டும் காட்சிகளில் அவர் நடிக்க நேர்ந்தது. கதைக்குத் தேவையற்ற கிளைக்கதைகளில் அவர் ஓடினார், விழுந்தார், அடிபட்டார். தாயையும் மகனையும் தனியொருத்தியாகத் தாங்கிய பெண், வந்த வேடத்தை மறுக்கும் நிலையில் எப்போதும் இருந்திருக்க மாட்டார். பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள் அவரைக் குறை கூற மாட்டார்கள்.

அரசின் மதிப்பும் காலம் கடந்தே வந்தது. தேசியத் திரைப்பட விருதுகளில் துணை நடிகைக்கெனத் தனி விருது 1984-ஆம் ஆண்டுப் படங்களுக்கே முதன்முதல் அளிக்கப்பட்டது. அதற்கு முன் இருபத்தாறு ஆண்டுகள் மனோரமா திரையில் இருந்துவிட்டார். ஜில் ஜில் ரமாமணிக்கு உரிய விருது என ஒன்று அப்பட்டியலில் இருக்கவே இல்லை. பார்த்திபன் இயக்கிய 'புதிய பாதை' (1989) படத்துக்காக அவ்விருது அவரை அடைந்தது. 2002-இல் பத்மஸ்ரீ. ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்பதைச் செய்தித்தாள்கள் தவறாமல் குறிப்பிடும்: அண்ணாதுரையோடும் கருணாநிதியோடும் மேடையில், எம். ஜி. ஆர்., ஜெயலலிதா, என். டி. ராமராவ் ஆகியோரோடு திரையில். 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார். வயது எழுபத்தெட்டு.

இப்படங்கள் பலவும் இக்காலத்தில் கைப்பேசியிலேயே காணக் கிடைக்கின்றன. வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் அன்பர்கள் 'தில்லானா மோகனாம்பா'ளையும் 'சம்சாரம் அது மின்சார'த்தையும் 'சின்ன கவுண்ட'ரையும் அடுத்தடுத்துக் காட்டலாம். கண்ணம்மா சம்பந்தி வீட்டுக்குள் நுழையும் காட்சியை மட்டும் இரண்டாம் முறை படத்தைப் பாராமல், கண்ணை மூடிக்கொண்டு, வானொலி கேட்பதுபோல் கேளுங்கள். அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பதைப் பிள்ளைகளே சொல்கிறார்களா என்று பாருங்கள்.