கொல்லாமல் ஜெயிக்கும் விளையாட்டு
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"ஏதாவது பேசுப்பா, சர்க்கரை வியாதி மட்டும் வேண்டாம், போன வருஷமே பேசியாச்சு" என்றார் செயலாளர். ஆகவே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். இந்த வயசில் இவனுக்கு ஏன் இது என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. தாராளமாகச் சிரியுங்கள்.

வீரன் ஒருவன் வேடத்தை நாம் ஏற்றுக்கொண்டு, குகைக்குள் இறங்கி, பூதங்களோடு சண்டை போட்டு, அனுபவப் புள்ளி சேர்த்து, படிப்படியாகப் பலசாலி ஆவது ஒரு வகை விளையாட்டு. கம்ப்யூட்டரில் இது பிறந்ததே கல்லூரியில்தான். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவதற்காக 'பிளேட்டோ' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. 1975-ல் அதில் ஒருவர் 'பெடிட்5' என்ற சப்பென்ற பெயரில் ஒரு குகை விளையாட்டு எழுதினார். நிர்வாகம் கண்டுபிடித்து அழித்துவிட்டது. நம் ஹாஸ்டலில் வார்டன் சீட்டுக்கட்டைப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரிதான். 1981-ல் வந்த 'விசார்ட்ரி'யை எழுதியவர்களும் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்கள். 1986-ல் ஜப்பானில் 'டிராகன் குவெஸ்ட்' வந்தபோது முழு விளையாட்டும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. உங்கள் பையில் இருக்கும் போனில் ஒரு போட்டோவுக்கே அது போதாது.

நான் சொல்ல வந்தது 2015 செப்டம்பரில் வெளியான 'அண்டர்டேல்'. எழுதியவர் டோபி ஃபாக்ஸ். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. பார்த்தால் முப்பது வருஷத்துப் பழசு மாதிரி இருக்கும். கட்டம் கட்டமான பொம்மைகள், சண்டைக் காட்சி பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. வேண்டுமென்றேதான் அப்படி. பழைய விளையாட்டு என்று நம்பி, பழைய பழக்கத்திலேயே வாளை ஓங்குவோம் என்று அவருக்குத் தெரியும்.

கதை இதுதான். மனிதர்களோடு நடந்த போரில் தோற்ற பூதங்கள் பூமிக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கின்றன. அங்கே ஒரு குழந்தை தவறி விழுகிறது. அந்தக் குழந்தைதான் நாம். எதிரே யார் வந்தாலும் அடிக்கலாம். அடிக்காமல் பேசலாம், தட்டிக் கொடுக்கலாம், கடைசியில் 'கருணை' என்ற பொத்தானை அழுத்தி விட்டுவிடலாம். அதுவரை அவர்கள் எறிவதிலிருந்து ஒரு சின்ன சிவப்பு இதயத்தை நகர்த்தித் தப்பிக்க வேண்டும். காவல் நாய் ஒன்று வருகிறது. தடவிக் கொடுக்கக் கொடுக்க அதன் கழுத்து நீண்டு திரைக்கு வெளியே போய்விடுகிறது! நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆனால் அதற்கு முன்னாலேயே டோரியல் என்ற ஆட்டுமுகத் தாய் வருகிறாள். குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், இனிப்புச் செய்து கொடுத்து, தனி அறையும் தருகிறாள். வெளியே போகிறேன் என்றால் விடமாட்டேன் என்கிறாள். போனால் உன்னைக் கொன்றுவிடுவார்கள், என் பலத்தை மீறிக் காட்டிவிட்டுப் போ என்று வாசலை மறித்து நெருப்பை எறிகிறாள். நம் உயிர் குறையக் குறைய அந்த நெருப்பு நம்மேல் படாமல் விலகிப் போகிறது. அவளுக்கு அடிக்க மனசில்லை. யாரும் விளக்கிச் சொல்வதில்லை, கவனித்தால் தெரியும். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் விளையாட்டை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவளைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல், சேமித்து வைத்த இடத்திலிருந்து திரும்ப ஆடிக் காப்பாற்றுகிறவர்கள் உண்டு. ஒரு பூ வந்து, நீ முதலில் என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும் என்கிறது. மற்ற விளையாட்டில் திரும்ப ஆரம்பித்தால் எல்லாம் துடைத்த சிலேட்டு. இது ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அந்த அனுபவப் புள்ளி இருக்கிறதே, அது அனுபவமே இல்லை, எத்தனை உயிரை எடுத்தாய் என்ற கணக்கு என்று கடைசியில்தான் சொல்கிறார்கள். ஒருவரையும் விடாமல் தேடித் தேடிக் கொன்றால் ஊர்கள் காலியாகின்றன, பாட்டு இழுத்து இழுத்து ஒலிக்கிறது, சில கடைகளில் கடைக்காரர்கூட இருப்பதில்லை.

இதையெல்லாம் எனக்குக் காட்டியவள் என் மகள். நல்ல வேலையை விட்டுவிட்டு பதினாலு மாதமாக மாடி அறையில் இதுபோல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறாள். "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு என் மனைவி பதில் சொல்லி அலுத்துவிட்டாள். நான் பேங்கில் கடன் மனு பார்த்தவன், கணக்குத்தான் கேட்டேன். ஃபாக்ஸ் 2013-ல் பொதுமக்களிடம் கேட்டது 5,000 டாலர். 2,398 பேர் சேர்ந்து கொடுத்தது 51,124 டாலர். எழுத்து, இசை, புரோகிராம் பெரும்பாலும் அவரே; படங்களில் டெம்மி சாங் என்பவர் துணை. இரண்டரை வருஷத்துக்கு மேல் உழைப்பு. அப்புறம் உலகம் முழுக்க விற்றது.

"ஜெயிச்சவனைச் சொல்றியே, முழுகிப்போனவங்க எத்தனை பேர்?" என்றேன். "நிறையப்பா" என்றாள். பேங்க் மேனேஜராக இருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். அப்பனாக இன்னும் ஒரு வருஷம் என்று சொல்லியிருக்கிறேன். என் பென்ஷன் வருகிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அவளுடைய கதையில் இரண்டு இடம் எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லியாயிற்று; ஒன்றை மாற்றினாள், ஒன்றை மாற்ற மாட்டேன் என்றுவிட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நம் துறை அறையில் லேப்டாப் வைத்திருக்கிறேன். நாலு மணி வரை இருப்பேன். அம்புக்குறிப் பொத்தான்கள் தெரிந்தால் போதும். டோரியல் வாசலை மறிக்கும்போது 'கருணை'யை ஒரு தடவை, இரண்டு தடவை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. விடாமல் அழுத்திக்கொண்டே இருங்கள்.