தேரை வாயில் விழுந்த குண்டு

கி.பி. 138. சீனத் தலைநகர் லுவோயாங்கில் இருந்த பெரிய வெண்கலச் சாடி ஒன்றிலிருந்து திடீரென ஓசை. சாடியைச் சுற்றி எட்டுத் திசைக்கும் ஒன்றாக எட்டு டிராகன் தலைகள், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு குண்டு, கீழே வாயைப் பிளந்தபடி எட்டுத் தேரைகள். அன்று ஒரு குண்டு மட்டும் கீழே இருந்த தேரையின் வாயில் விழுந்தது. ஊரில் யாருக்கும் எந்த அதிர்வும் தெரியவில்லை. அறிஞர்கள் சந்தேகப்பட்டார்கள்.

சில நாளில் தூதன் வந்து சேர்ந்தான். மேற்கே பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், லோங்ஷியில் நிலநடுக்கம்!

கருவியை 132-இல் செய்தவர் சாங் ஹெங். 78-இல் நான்யாங் பகுதியில் பிறந்து, ஹான் அரசவையில் தலைமை வானியலாளராக உயர்ந்தவர். அதிர்வு வந்தால் சாடிக்குள் நிற்கும் தூண் அசையும். ஒரு திசையின் டிராகன் மட்டும் வாய் திறக்கும். மூலக்கருவி இன்று இல்லை. பழைய வரலாற்று நூலின் சில வரிகளை வைத்தே மாதிரிகளைச் செய்து பார்க்கிறார்கள்.

இந்த ஒரு கருவியே போதும், அவரைக் கொண்டாட. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. நீர் விசையால் சுழலும் வான்கோளம் செய்தார். 2,500 விண்மீன்களைக் கணக்கில் சேர்த்தார். நிலவுக்குச் சொந்த ஒளி இல்லை, அது சூரியனிடம் பெற்றது என்றும், பூமியின் நிழலால் சந்திர கிரகணம் வருகிறது என்றும் எழுதினார். வட்டக் கணக்கில் பை மதிப்பை 10-இன் வர்க்கமூலமாக, அதாவது ஏறத்தாழ 3.162 என்று கொண்டார்.

கவிஞரும்கூட. இரு தலைநகரங்களைப் பற்றிய நெடும் படைப்புக்குப் பத்தாண்டு உழைத்து, மேட்டுக்குடியின் ஆடம்பரத்தை அதில் துணிந்து கண்டித்தார். 139-இல் காலமானார்.